சிற்பங்களில் காலணியும் அதிகாரமும்

மதுரா அருகே மாட் என்னும் ஊரில் 1911-இல் கிடைத்த குசாண மன்னர் கனிஷ்கரின் சிலைக்குத் தலை இல்லை. ஆயினும் வாளும் தண்டமும் நீண்ட அங்கியும், இருபுறமும் விரிந்து ஊன்றிய கனத்த பூட்ஸ் கால்களும் அவரது ஆட்சி வலிமையை உணர்த்துகின்றன. குதிரையேறி வந்த மத்திய ஆசிய மரபின் காலணி அது.

வட இந்தியச் சூரியன் சிற்பங்களிலும் இதே வகைக் காலணி இடம்பெற்றது. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையும் சூரியனுக்கு வடபுலத்து உடையையே கூறுகிறது. தமிழகச் சூரியனோ வெறுங்காலுடன் நிற்பவர். திருச்சி மலைக்கோட்டையின் கீழ்க்குடைவரையிலும் சூரியன் உருவம் உண்டு. மாணவர்கள் அதை வடநாட்டுச் சிற்பங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நம் சிற்பிகள் காலணி செதுக்க அறியாதவர் அல்லர். பலி ஏற்கும் பிட்சாடனருக்குப் பாதக்குறடும், வேடர் கண்ணப்பருக்குச் செருப்பும் அணிவித்தனர். அங்கே காலணி காட்டுவது அதிகாரத்தை அன்று, அலைந்து திரியும் வாழ்வை.

ரோமிலும் காலணி ஒரே பொருள் தரவில்லை. படைவீரர் சிற்பங்களில் காலணி உண்டு. ஆனால் 1863-இல் பிரிமா போர்ட்டாவில் கிடைத்த பேரரசர் அகஸ்டசின் சிலை, மார்புக்கவசம் பூண்டும் வெறுங்காலுடன் நிற்கிறது. அதைத் தெய்வத்தன்மையின் அடையாளமாக அறிஞர் பலர் கொள்கின்றனர்.

ஆகவே, காலணி என்றாலே அதிகாரம் என்று கொள்வது அவசர முடிவு. அதை அணிந்தவர் யார், செதுக்கிய மண்ணின் வழக்கம் எது என்பவற்றையும் சேர்த்தே பொருள் காண வேண்டும்.