நிக்கார் 28 எம்.எம்.: கோட்டை நம்பலாமா?

நிக்கார் 28 எம்.எம். எஃப்/2.8 ஏஐ-எஸ் லென்ஸைப் பற்றி இனிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? 1981-ல் வந்தது, 20 சென்டிமீட்டர் வரை கிட்டே போகும், ஆட்டோஃபோகஸ் கிடையாது. எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு மிரர்லெஸ் கேமராவில் சில வாரங்களாக இதை மட்டுமே மாட்டி வைத்திருக்கிறேன். காரணம் கண்ணாடி அல்ல. லென்ஸின் கழுத்தில் வண்ண வண்ணமாகப் பொறித்த கோடுகள்.

அப்பர்ச்சரை எஃப்/11-ல் வைத்து, அதன் கோட்டுக்கு நேரே முடிவிலிக் குறியைத் திருப்பினால் ஃபோகஸ் சுமார் 2.4 மீட்டரில் நிற்கும். அதில் பாதி, 1.2 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவு. ஹைபர்ஃபோகல் தூரம் என்பது இவ்வளவுதான். இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் தூர அளவே இல்லை. வளையம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். ‘2.38 மீட்டரில் வை’ என்று ஹைபர்ஃபோகல் கணக்கிடும் ஆப் துல்லியமாகச் சொல்கிறது. எங்கே வைப்பதாம்? அளவுகோலைத் தூக்கிக் கடாசிய புண்ணியவான் யாரோ!

ஆனால் கோடு சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. எஃப்/11 கோட்டை நம்பி ஒரு படம் எடுத்தேன்: முன்னால் நெல்வயல், பின்னால் யானைமலை. ஃபோனில் பார்த்தால் பிரமாதம். கம்ப்யூட்டரில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் பாறை விளிம்பு மழுங்கிக் கிடக்கிறது. இது நிக்கானின் குறையல்ல, ஃபிலிம் காலத்து ஏற்பாடு. ஒரு புள்ளி 0.03 மில்லிமீட்டர் வட்டமாகப் பரவினாலும் 8×10 அங்குலப் பிரிண்டைக் கையில் வைத்துப் பார்ப்பவருக்குத் தெரியாது என்பது கணக்கு. 24 மெகாபிக்சல் ஃபுல்ஃப்ரேம் சென்சாரில் அது கிட்டத்தட்ட 5 பிக்சல் அகலம். ஹைபர்ஃபோகலில் தூரத்து மலை நிற்பதோ, அனுமதித்த மங்கலின் கடைசிப் படியில்.

இதற்குச் சுலபமான வழி, அப்பர்ச்சர் எஃப்/11-லேயே இருக்க, முடிவிலியை எஃப்/5.6 கோட்டுக்குத் திருப்புவது. ஃபோகஸ் 4.7 மீட்டருக்குப் போகும், மலை தேறிவிடும். பதிலுக்கு, 2.4 மீட்டருக்கு இப்பால் உள்ள நாற்றைத் தாரை வார்க்க வேண்டும். அதையும் பிடிக்கிறேன் என்று எஃப்/22-க்குப் போனால் ஒளியின் விளிம்பு விளைவில் (டிஃப்ராக்‌ஷன்) மொத்தப் படமும் சொதசொதவென்றாகும்.

மலைதான் முக்கியம் என்றால் நான் ஹைபர்ஃபோகலையே விட்டுவிடுகிறேன். கனடாவின் ஹெரால்ட் மெர்க்லிங்கர் சொன்ன வழி: முடிவிலியில் ஃபோகஸ் செய்தால், அப்பர்ச்சர் துளையின் விட்டத்தைவிடப் பெரிய எதுவும், எவ்வளவு கிட்டே இருந்தாலும், ஓரளவு அடையாளம் தெரியும். 28-ஐ 11-ஆல் வகுத்தால் இரண்டரை மில்லிமீட்டர். நெல் தாள் தப்பிக்கும். கதிரில் ஒவ்வொரு மணியாக எண்ண முடியாது. எனக்கு அது போதும்.