‘உம்மத்’ என்ற சொல்லுக்குள் யார் யார்?

ஸர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’ (2014) நாவலை அரநாயக்கவில் இருந்து இரண்டாம் முறை வாசித்து முடித்தேன். பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கினால் அப்பெண்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று 2012இல் பீ.பீ.சி. தமிழோசையிடம் சொன்னதற்காக மிரட்டப்பட்டு, ஏறாவூரை விட்டு இந்தியாவுக்குப் போக நேர்ந்தவர் அவர். 2015இல் அவர் கொல்லப்பட்டுவிட்டதாகவே பொய்ச்செய்தி பரப்பினார்கள்.

இந்தப் பின்னணி தெரிந்ததால் நாவலை அவரது வாக்குமூலமாக மட்டும் வாசித்துவிடுகிறோம். அது பிழை. சமூக சேவகி தவக்குல், குடும்ப நிலைமை இயக்கத்துக்குத் தள்ளிய யோகா, இயக்கத்தில் நம்பிக்கையிழந்து திரும்பிய தெய்வானை ஆகிய மூவரில் இருவர் முஸ்லிம்களே அல்லர். ஆயினும் நாவலின் பெயர் உம்மத். மதத்தின் பேரிலாகட்டும், இனத்தின் பேரிலாகட்டும், கேள்வி கேட்கக் கூடாத கூட்டமொன்றிலிருந்து வெளியே வந்தவள் பிறகு எப்படி வாழ்வது என்பதே பிரதி எழுப்பும் வினா. தவக்குல் ஈமானை விட்டவள் அல்லள். ஈமானுக்குக் காவல்காரர்களாகத் தம்மை நியமித்துக்கொண்டோரை மறுப்பவள்.

சில இடங்களில் தவக்குலின் வாயால் ஆசிரியரே பேசுகிறார். விவாதம் கதையை முந்திவிடுகிறது. இது என் குறை. ஆனால் காயம்பட்டவள் இன்னொரு காயம்பட்டவளுக்குக் காது கொடுக்கும் பக்கங்களில் அந்தக் குறை மறந்துபோகிறது. ஆறுதல் அங்கேதான் தொடங்குகிறது.

2016 மே 17இல் சாமசர மலை சரிந்த ஊர் இது. வீடு புதைந்தவருக்கு வேறு காணி வேண்டும் என்பது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஊரே மேலே சரிந்து விழுந்த பெண்ணுக்கும் அப்படியொரு காணித்துண்டு வேண்டாமா? அதைத் தர மனமில்லாத நாம் எப்படி உம்மத் ஆவோம்?