மடனும் எள்ளலும்: ஒரு தொலைக்காட்சி வகுப்பறை

நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்தார். கேட்ட சொல்லை உய்த்துணராது மெய்யென்று கொள்வதே மடன் என்பர் உரையாசிரியர். அயல்மொழி பயில்வோரிடம் தோன்றும் நகை பெரும்பாலும் இவ்வகையினது. ஆகவே, இங்கிலாந்தில் 1977 முதல் 1979 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ என்னும் தொலைக்காட்சித் தொடரை இவ்வளவுகோல் கொண்டே அளக்கலாம்.

எழுதியவர் வின்ஸ் பவல். லண்டன் மாலை வகுப்பொன்றில் பிரவுன் என்னும் ஆசிரியர் பல நாட்டாருக்கு ஆங்கிலம் கற்பிக்கிறார். பாகிஸ்தானியர் அலியாக டாக்காவில் பிறந்த தினோ ஷஃபீக்கும், சீக்கியர் ரஞ்சித் சிங்காக இலங்கைக் கம்பளையில் பிறந்த ஆல்பர்ட் மோசஸும் நடித்தனர்.

முதல் தொகுதியில் பிழைக்கொரு நியாயம் இருந்தது. ஒரு சொல்லின் இரு பொருள்களுள் பொருந்தாததை மாணாக்கர் பற்றிக்கொள்வார்; நாம் ஆங்கிலத்தின் கோணல்களைக் கண்டு சிரிப்போம். காரைக்குடி மக்தபில் ஓதவரும் பிள்ளை ‘ஐன்’ எழுத்தை அலிஃபாக ஒலிக்கும்போது அதன் அறிவின்மையையா கேட்கிறோம்? தமிழ் நாவின் இயல்பையன்றோ கேட்கிறோம்!

பிந்தைய தொகுதிகளில் இந்நயம் தேய்ந்தது. ரஞ்சித் என்றால் ஆயிரம் மன்னிப்பு. ஒவ்வொருவரும் ஒரு வாய்பாடாகச் சுருங்கினர். மூன்று தொகுதிகள் முடிந்தும் எவரும் தேறவில்லை. தேறிவிட்டால் தொடர் ஏது? கற்கவே விடப்படாத மாணாக்கரைக் கண்டு சிரிக்கும்போது மடன் அகன்று எள்ளல் குடியேறுகிறது. இனங்களை இழிவுபடுத்துவதாகக் கருதி நிலைய நிர்வாகி மைக்கேல் கிரேட் தொடரை நிறுத்தினார். நிறுத்தியது தகும், முதல் தொகுதியையும் அதே தராசில் இடுவது தகாது. 1986இல் வேறு தயாரிப்பில் வந்த நான்காம் தொகுதியைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை.

1993இல் தூர்தர்ஷனில் வந்த ‘ஜபான் சம்பால்கே’ இவ்வகுப்பை இந்திக்கு மாற்றியது. பங்கஜ் கபூர் ஏற்ற ஆசிரியர், பொறியியல் பயின்றும் அதற்குரிய வேலை கிட்டாமல் இந்தி கற்பிக்க வந்தவர். நகையின் முதற்பங்கு அவர்மீதே விழுகிறது. மூலத்தினும் இது நுட்பமானது. ஆங்கிலேய மாணாக்கராக வந்த டாம் ஆல்டரோ முசௌரியில் பிறந்தவர், உருதுவைத் தூய்மையாகப் பேசியவர். அவர் தடுமாறுவது நடிப்பு என்பதை நாடே அறியும். தென்னிந்திய மாணாக்கருக்கு அக்காப்பு இல்லை. லண்டன் வகுப்பினர் பிறர் நாட்டில் பிறர் மொழி கற்றனர். இவரோ தம் நாட்டிலேயே அயலாராக அமர்ந்திருக்கிறார். 1965ஐ மறவாத தமிழகத்தில் அந்தச் சிரிப்பு பாதி உதட்டிலேயே நின்றுவிடுகிறது.