டாக்டரும் இன்ஜினியரும் பேசினால் போதுமா?

மருத்துவக் கணினியியலில் டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் உள்ள இடைவெளிதான் சிக்கல் என்பார்கள். பாதிதான் சரி. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்கும் கூகுள் மென்பொருளைப் பாருங்க. 2016 ஆய்வுக்குக் கண் டாக்டர்களே படம் படமாகத் தரம் பிரித்தார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் உண்டு. துல்லியம் பிரமாதம்! ஆனா முக்கியச் சோதனையில், 9963 படங்களில் டாக்டர்கள் தெளிவானவை என்று ஒதுக்கிய 8788-க்கு மட்டும் போட்ட கணக்கு அது.

தாய்லாந்துக் கிளினிக்குகளில் நர்ஸ்கள் எடுத்துக் கொடுத்த படங்களில் 21 சதவீதத்தை மென்பொருள் ஏற்கவே இல்லை. பெரும்பாலான இடங்களில் இருட்டறை கிடையாது. நோயாளி வேலையை விட்டுட்டு வேறு மருத்துவமனைக்கு அலையணும். கூகுள் ஆய்வாளர்களே 2020-ல் இதை எழுதியதற்கு ஒரு கும்பிடு. கேமரா பிடிக்கிற நர்ஸுக்கு அந்த 2016 கணக்கில் இடம் எங்கே?