காட்டப்படுவோரும் காட்டுவோரும்

ஜவ்வாதுமலையிலே, காவலூரில், ஒரு பெருங்கண் திறந்திருக்கிறது. 2.3 மீட்டர் அகலமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி அது. 1986ஆம் ஆண்டு வைணு பாப்பு என்னும் வானியல் அறிஞரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. செவ்வாயைக் காட்டிப் பெண்ணின் மணத்தைத் தடுக்கும் நாட்டில், செவ்வாய் ஒரு கோள், அவ்வளவே என்று சொல்லும் ஆய்வுக்கூடம் மலைமீது நிற்பது கண்டு மகிழாத பகுத்தறிவாளர் இரார். நாமும் மகிழ்கிறோம். ஆனால் அந்த மகிழ்ச்சியின் பக்கத்திலேயே ஒரு கேள்வியும் எழுகிறது. வானத்து மீன்களை இவ்வளவு கூர்மையாக நோக்கத் தெரிந்த நாடு, அம்மலையில் வாழும் மக்களை எந்தக் கண்ணால் நோக்கி வந்திருக்கிறது?

முதலில் அளவுகோலால் நோக்கிற்று. எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 1885 முதல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தார். மண்டையின் நீளம் இவ்வளவு, மூக்கின் அகலம் இவ்வளவு என்று மனிதரை நிறுத்திவைத்து அளந்தார். 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மலையாளிகள் என்று அழைக்கப்படும் மலைவாழ் மக்களும் அத்தொகுதிகளில் இடம்பெற்றனர். (கேரள நாட்டவர் என்று மயங்க வேண்டாம், இவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள். தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து மலையேறியவர் என்று கதை சொல்பவர்கள்.) அந்நூலால் ஆராய்ச்சியாளருக்குப் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அளந்தவர் பெயர் அட்டையிலே நின்றது. அளக்கப்பட்டவர் பெயர் எங்கே நின்றது?

பிறகு நிழற்படக் கருவி வந்தது. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்தின் சேசாசலக் காட்டில் இருபது தமிழ்த் தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜவ்வாதுமலைப் பகுதியைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தனர். செம்மரம் வெட்ட வந்தோர் தாக்கினர், திருப்பிச் சுட்டோம் என்றது காவல்துறை. அது போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். மறுநாள் ஏடுகள் தாங்கிவந்த படங்களை மறக்க முடியுமா? குப்புறவும் மல்லாந்தும் கிடந்த உடல்கள். உடல்களின் பக்கத்தில் கட்டைகள். இந்தியா முழுவதும் ஜவ்வாதுமலை மனிதனைக் கண்ட நாள் அதுவே என்றால் மிகையாகாது. உயிரோடு இருந்தபோது அவனை எவரும் பார்க்கவில்லை. பிணமாகக் கிடந்தபோது பார்த்தவர்களுக்கோ, பக்கத்தில் கிடந்த கட்டையே அவன் யார் என்று சொல்லிவிட்டது! பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் குற்றப் பத்திரிகை நின்றது.

மூன்றாவதாக ஒரு பார்வை உண்டு, அது இனிப்பானது. சமுனாமரத்தூரில் கோடை விழா நடக்கும். அரசுத் துறைகளின் கண்காட்சி அரங்குகள் இருக்கும். சாமையும் தேனும் புளியும் அடுக்கப்பட்டிருக்கும். மலைமக்கள் மேடையேறி ஆடுவர். கீழிருந்து வந்தோர் கைதட்டிப் படம் எடுத்துக்கொண்டு பேருந்தேறுவர். பகையில்லை, பழியில்லை, எல்லாம் நல்லெண்ணம்தான். ஆயினும் அந்த அரங்கில் மலைமகன் யார்? காட்சிப்பொருள். காட்டுபவன் அல்லன்.

இந்த வேறுபாட்டை உலகுக்கு உரக்க எடுத்துச் சொன்னவர்கள் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள். அவர்களுடைய வரலாற்றிலிருந்து சிலவற்றை இங்கே எடுத்துப் பேசுவது, கடல் கடந்த செய்தியைச் சொல்லி வியக்க அல்ல. நம் வீட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளவே.

1969 சனவரியில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் கறுப்பின மக்கள் வாழும் ஆர்லெம் பகுதியைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தது. சுவரளவு பெருக்கிய நிழற்படங்கள், ஒலிப்பதிவுகள், கூட்டமோ கூட்டம். ஆனால் ஆர்லெமின் ஓவியர் ஒருவர் வரைந்த ஓவியமோ, சிற்பி ஒருவர் வடித்த சிற்பமோ உள்ளே இல்லை! எங்கள் தெருவைக் காட்டுகிறீர்கள், எங்கள் கையைக் காட்டவில்லையே என்று கறுப்பினக் கலைஞர்கள் வாயிலில் அட்டை ஏந்தி நின்றார்கள். நேர்மைக்காக ஒன்று சொல்ல வேண்டும்: எண்பது வயதைக் கடந்திருந்த சேம்சு வான் டெர் சீ என்ற ஆர்லெம் நிழற்படக்காரரை உலகம் அறிந்தது அந்தக் கண்காட்சியால்தான். தீமையிலும் ஒரு நன்மை! எனினும் வாயிலில் நின்றவர்களின் வழக்கு அதனால் தோற்றுவிடவில்லை. ஏனெனில் முந்திய ஆண்டே, 1968இல், ஆர்லெமிலேயே ஒரு கலைக்கூடம் எழுந்துவிட்டிருந்தது. அதன் பெயரிலேயே 'ஸ்டூடியோ' என்ற சொல்லும் 'மியூசியம்' என்ற சொல்லும் இணைந்து நிற்கின்றன. படம் மாட்டும் சுவர் மட்டுமன்று, படம் பிறக்கும் பட்டறையும் எங்களுக்கு வேண்டும் என்பதே அப்பெயரின் பொருள்.

அந்த எண்ணத்தின் வேர் இன்னும் பழையது. அகஸ்டா சாவேஜ் என்னும் சிற்பியை எண்ணிப் பார்க்கிறோம். பிரான்சு நாட்டில் நடந்த கோடைக்காலக் கலைப்பள்ளி ஒன்று, 1923இல், நிறத்தைக் காரணமாகக் கொண்டு அவரை ஒதுக்கியது. அவர் அழுது அமர்ந்தாரில்லை. ஆர்லெமில் பயிலகம் திறந்தார். தெருப்பிள்ளைகளைக் களிமண்ணைத் தொடச் செய்தார். 1937இல் அங்கு எழுந்த மக்கள் கலை மையத்தின் முதல் இயக்குநரானார். 1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக, பாடும் கறுப்பினப் பிள்ளைகளையே யாழின் நரம்புகளாக நிறுத்தி ஒரு பெருஞ்சிற்பம் செய்தார். சுதையால் செய்தது. வெண்கலத்தில் வார்க்கப் பணம் இல்லை. கண்காட்சி முடிந்ததும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். சிற்பம் போயிற்று. ஆனால் அவரிடமும் அந்த ஆர்லெம் பட்டறைகளிலும் பயின்ற பிள்ளைகள் இருந்தார்கள். சேக்கப் லாரன்சு அவர்களில் ஒருவர்.

இந்த லாரன்சிடம் சற்று நிற்க வேண்டும். ஜவ்வாதுமலைக்கு இவரைவிட நெருங்கிய ஓவியர் உலகில் இல்லை என்பது நம் கருத்து. 1940, 41ஆம் ஆண்டுகளில் அறுபது சிறு பலகைகளில் ஓர் இடப்பெயர்வைத் தீட்டினார். பருத்திக்காட்டுத் தென்னாட்டை விட்டு, தொடர்வண்டி ஏறி, வடநாட்டு ஆலைகளுக்குப் போன கறுப்பின மக்களின் பயணம் அது. மூட்டை, நிலையம், கூலி, பசி, அடிதடி, பள்ளிக்கூடம். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வரி விளக்கம், அவரே எழுதியது. முகங்கள் பெரும்பாலும் நுணுக்கமாகத் தீட்டப்படவில்லை. ஆனால் முதுகு வளைந்திருக்கும் வகையிலேயே வாழ்க்கை தெரிகிறது. இரண்டு பெரிய அருங்காட்சியகங்கள் போட்டியிட்டு, ஆளுக்கு முப்பதாகப் பிரித்து வாங்கிக்கொண்டன. நம் மலையிலிருந்தும் கூலி தேடி ஆந்திரத்துக்கும் கேரளத்துக்கும் திருப்பூருக்கும் ஆள்கள் இறங்குகிறார்கள். அந்தப் பயணத்தின் அறுபது பலகைகள் எங்கே? ஒரே ஒரு காட்சிதான் நம்மிடம் இருக்கிறது; அதை எடுத்தது சேசாசலத்துக்குப் போன செய்திக் கருவி.

இனி, தன்னைப் பேணல் என்பது. இச்சொல்லைக் கேட்டதும் நம் தோழர்கள் சிலர் முகம் சுளிப்பர். அது பணக்காரர் வேலை, நறுமணக் குளியலும் நகப்பூச்சும்தானே என்பர். கடைக்காரன் அச்சொல்லை அப்படி ஆக்கிவிட்டது உண்மைதான். ஆனால் ஆட்ரி லார்ட் என்ற கறுப்பினக் கவிஞர் 1988இல் அதைப் பற்றி எழுதியபோது புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். என்னை ஒழிக்க விரும்பும் உலகில் நான் உயிரோடும் தெளிவோடும் இருப்பதே ஒரு போர்முறை என்ற பொருளில் அவர் கருத்து அமைந்தது. சுயமரியாதை என்ற சொல்லை உயிர்மூச்சாகக் கொண்ட இயக்கத்தாருக்கு இது புதிதா? பிறர் இழிவு என்று சொன்ன உடலை இழிவில்லை என்று நாமே மதித்து நடத்துவதுதானே அது!

சைமன் லீ என்ற சிற்பி இதைக் கண்காட்சியாகவே ஆக்கிக் காட்டினார். 2014இல் புரூக்ளினில், கறுப்பின மகப்பேறு மருத்துவர் ஒருவர் வாழ்ந்த வீட்டில், மக்களுக்கான இலவச நலக்கூடம் ஒன்றைக் கலைப்படைப்பாக நடத்தினார். 2016இல் நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் 'காத்திருப்பு அறை' என்னும் பொருள்படும் பெயரில் அடுத்த முயற்சி. ஏன் அப்பெயர்? 2008இல் புரூக்ளின் மருத்துவமனை ஒன்றின் காத்திருப்பு அறையில் கறுப்பினப் பெண் ஒருவர் 24 மணி நேரம் காத்திருந்து, தரையில் வீழ்ந்து இறந்தார். அந்தச் சாவுக்கு எழுப்பிய நினைவுக்கூடம் கல்லறையாக இல்லை; வகுப்புகளும் பயிற்சிகளும் நடக்கும் உயிருள்ள கூடமாக இருந்தது. மூலிகையும் தியானமும் குத்தூசியும் அங்கே இடம்பெற்றதை நாம் அப்படியே விழுங்கச் சொல்லவில்லை. நோய் வந்தால் ஆய்வுக்கு நின்ற மருந்தே மருந்து. ஆனால் காத்திரு என்று சொல்லப்பட்ட மக்களை வா, அமர், உன் உடலைப் பற்றிப் பேசு என்று ஒரு கலைக்கூடம் அழைத்தது பெரிய செய்தி. 2022இல் வெனிசு கலைவிழாவில் அமெரிக்காவின் சார்பில் நின்ற முதல் கறுப்பினப் பெண்ணாக உயர்ந்தவர் இவரே.

காத்திருப்பு நமக்கும் தெரியும். ஜவ்வாதுமலைத் தொடரை ஒட்டிய அல்லேரி மலையில், 2023 மே மாதம், பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை சேரும் முன் இறந்தது. உடலைத் திருப்பிக் கொண்டுவந்த ஊர்தி பாதையில்லாமல் நடுவழியில் நின்றது. தாய் பிணத்தைக் கையில் ஏந்தி மலையேறினாள். மலைப்பெண் தன்னைப் பேணுவது என்றால், முதலில் ஒரு சாலை! சாலையில்லாத ஊரில் ஓவியப் பட்டறை எதற்கு என்று கேட்பார் உண்டு. சாலை இல்லை என்பதைச் சென்னைக்குச் சொன்னது எது? தாய் நடந்த காட்சியன்றோ? அதை வேறொருவன் எடுத்துச் சொல்லும்வரை மலை காத்திருக்க வேண்டும் என்பதுதான் நம் குறை.

தமிழ்நாட்டில் இந்தத் திசையில் நடந்திருப்பவை சிறியவை அல்ல. அவை பெரும்பாலும் சேரியிலிருந்து எழுந்தவை. சேரியும் மலையும் ஒன்றல்ல. பிறர் கண்ணால் காட்டப்பட்டு வந்தது மட்டும் இரண்டுக்கும் பொது. 2018இல் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாவையும் பறையையும் சென்னை மேடையில் ஏற்றினர். நீலம் பண்பாட்டு மையம் வானம் கலைத் திருவிழாவை நடத்தி வருகிறது. பழனிக்குமார், மீன் விற்கும் தாயின் மகன், 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். மலக்குழிச் சாவுகளைத் தொடர்ந்து படமெடுத்தவர். அத்தகைய படங்களுக்கு ஓர் இடர் உண்டு: அரங்கில் பார்ப்பவன் கண்ணீர் விட்டு, கைக்குட்டையை மடித்து வைத்து, வீட்டுக்குப் போய்விடுவான். அந்த இடரைப் பழனிக்குமார் கடந்த விதமே அவரைச் சிறந்த கலைஞராக்குகிறது. துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் கருவியைக் கொடுத்துக் கற்பித்தார். அவர்கள் எடுத்த படங்களைச் சுவரில் ஏற்றினார். தெருவிளக்கின் ஒளியில் மீன் விற்கும் தன் தாயையே ஆண்டுக்கணக்கில் எடுத்தார். வாடிப்பட்டியைச் சேர்ந்த செய்சிங் நாகேசுவரனும் பிறர் துயரைப் படமெடுத்து வந்தவர்தாம். 2020 பெருந்தொற்று அடைப்பில் வீடு திரும்பி, தன் குடும்பத்தையே படமெடுத்தார். சாதியால் பள்ளி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்கெனத் தம் பாட்டி தொடங்கிய பள்ளிக்கூடத்தின் வரலாறும் அவர் சொல்லும் கதையில் உண்டு. ஆட்ரி லார்ட் சொன்ன பேணலை இவ்விருவரும் செய்துகாட்டினார்கள் என்போம்.

மலைக்கு வருவோம். அடிவாரத்தில், சிங்காரப்பேட்டையை அடுத்த புளியானூரில், குக்கூ காட்டுப்பள்ளி இருக்கிறது. குழந்தைகளோடு கைத்தொழிலும் கலையும் பயிலும் இடம். அன்பும் உழைப்பும் கலந்த முயற்சி, பாராட்டுகிறோம். ஆனால் எளிமையைப் போற்றும் காந்தியப் பார்வையில் நமக்கு ஒரு தயக்கம் உண்டு. எளிமையை விரும்பி ஏற்றவனுக்கு அது அழகு. வேறு வழியின்றி அதில் கிடப்பவனுக்கு அது வறுமை. மண்குடிசையின் அழகை எடுக்கும் படத்துக்கும், அக்குடிசைக்குள்ளிருந்து எடுக்கும் படத்துக்கும் ஒளி ஒன்றாக இராது.

அடையாளம் என்ற பெயரில் எல்லாவற்றுக்கும் மாலை போடுவதும் நம் வழக்கமன்று. மலையில் இளவயதுத் திருமணம் இன்னும் தொல்லையாக இருக்கிறது. பேயோட்டுபவன் மருத்துவரை முந்திக்கொள்ளும் வீடுகளும் உண்டு. அவற்றையும் மரபு என்று சுவரில் மாட்டிப் போற்றும் கண்காட்சி நமக்கு வேண்டாம். ஆனால் அவற்றைக் கண்டித்துக் கீழிருந்து வரும் சுவரொட்டியைவிட, பதினைந்து வயதில் மணமேடை ஏற்றப்படவிருந்த பெண் வரைந்த ஒரு படம் ஆயிரம் வீட்டுக்குள் நுழையும். ஜவ்வாதுமலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிள்ளைபெற்ற ஓரிரு நாளில் தேர்வெழுதி, 2024இல் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். ஏடுகள் அவரைக் கொண்டாடின, நாமும் கொண்டாடினோம். மலையை இருட்டாகத் தீட்டி, அவரை அதில் ஏற்றிய ஒற்றை விளக்காகக் காட்டின. அவர் படித்த பள்ளியும் நடந்த பாதையும் உடன்படித்து இடையில் நின்றுபோன தோழியரும் அந்தச் செய்தியில் எங்கே? அதை அம்மலைப் பெண்களே சொல்ல வேண்டும்.

அடுத்த கோடை விழாவில் ஓர் அரங்கை மட்டும் அவர்களிடம் விட்டுப் பாருங்கள் என்று விழா நடத்துவோரைக் கேட்கிறோம். மூன்று மாதம் முன்பே ஊர்தோறும் கருவியும் வண்ணமும் போகட்டும். கற்றுத் தருவோர் போகட்டும். பழனிக்குமாரைப் போன்றவரை அழைப்பது கடினமன்று. சமுனாமரத்தூரில் தொங்கும் படங்கள், அதற்கு முன்பே அவரவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொங்கிவிட வேண்டும். முதலில் பார்ப்பவர் பக்கத்து வீட்டாராக இருக்கட்டும். படத்தின் கீழே எழுதும் வரியை, லாரன்சு எழுதியதுபோல, எடுத்தவரே எழுதட்டும். தலைப்பில் 'பழங்குடியினர் வாழ்வியல்' என்று எவரும் எழுத வேண்டாம்; எடுத்தவர் பெயரும் ஊர்ப்பெயரும் போதும்.