முத்திரை விழுந்த தபால் தலை

தபால் தலை சேர்க்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. இடுக்கியால்தான் எதையும் தொடுவார். சென்ற மாதம் பெரம்பலூரில், சின்னத் தாத்தா வீட்டுப் பரணில் ஒரு பழைய கடிதம் அகப்பட்டது. உறையின் மூலையில் ஆரியபட்டா தபால் தலை. ஆவலோடு நண்பரிடம் காட்டினேன். "முத்திரை அழுந்தி விழுந்துவிட்டதே, மதிப்பில்லை ஐயா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆரியபட்டா நம் நாட்டின் முதல் துணைக்கோள். 1975 ஏப்ரல் 19ஆந் தேதி சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பட்டது. மறுநாளே தபால் இலாகா தலை வெளியிட்டது. சித்திரம் என்ற வகையில் அதில் எனக்குக் குறை உண்டு. துணைக்கோள் இருக்கிறது, மனிதன் இல்லை. கதை எழுதுகிறவனுக்கு ஆளில்லாத கதை ருசிக்குமா?

ஆனால் அதன் விலை 25 பைசா. அந்நாளில் சாதாரணக் கடிதத்துக்கு ஒட்டவேண்டிய தலை அது. அதனால்தான் ஆல்பத்தோடு நின்றுவிடாமல் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கும் வந்து சேர்ந்தது. அமெரிக்கர்களும் 1962இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றிவந்த அன்றே வெளியிட்ட தலைக்கு, உள்நாட்டுக் கடிதத்தின் விலையான நாலு சென்ட்டையே வைத்தார்கள்.

1984இல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனார். மனிதனே போன காரியம். ஆனால் தலையின் விலை மூன்று ரூபாய்! கடிதத்துக்கு 50 பைசா ஒட்டிய காலம் அது. மகள் வீட்டுக்குக் கடிதம் போடும் குடியானவர் மூன்று ரூபாய்க்கு எங்கே போவார்? சாமான்யர் கைக்கு வராத நினைவுத் தலை, வாசற்கதவைச் சாத்திக்கொண்டு நடத்திய கல்யாணம் போன்றது.

கடிதத்துக்கு வருகிறேன். அரியலூரிலிருந்து தாத்தா தம் தம்பிக்கு எழுதியது. "இங்கு மழை இல்லை. கடலை வாடுகிறது. மேகம் கூடுகிறது, கலைகிறது. அங்கே எப்படி?" தபால் தலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உறைமேல் ஆகாயத்தை ஒட்டிவிட்டு, உள்ளே நிலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அந்தக் கவலைக்கு ஆகாயம் செவிசாய்க்க முப்பத்தேழு வருஷங்கள் ஆயின. 2012 ஏப்ரல் 26ஆந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ரிசாட்-1, மேகத்தை ஊடுருவி, இரவிலும் நிலத்தைப் படமெடுக்கும் ரேடாரைக் கொண்டிருந்தது. பயிரையும் வெள்ளத்தையும் கவனிப்பது அதன் வேலைகளில் ஒன்று. அதன் திட்ட இயக்குநர் வளர்மதி, அரியலூரில் பிறந்தவர்.

ஆகவே விண்வெளித் தபால் தலை வரைபவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். ராக்கெட்டை வரையுங்கள், அதன் கீழே ஒரு கடலைக் கொல்லையையும், அண்ணாந்து பார்க்கும் ஒரு முகத்தையும் வரையுங்கள். விலையையும் கடிதத்தின் விலையாகவே வையுங்கள்.

நண்பர் குறை சொன்ன கறுப்பு முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 'அரியலூர்' என்று தெளிவாக இருந்தது. சித்திரக்காரர் விட்டுவிட்ட ஊரைத் தபாலாபீஸ் சிப்பந்தி குத்திவிட்டுப் போயிருக்கிறார்.