பின்னால் வந்த வண்டிக்காரரின் சாட்சி

அந்தமான் டிரங்க் ரோட்டில் ஜிர்காடாங் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஏறத்தாழ 49 கிலோமீட்டர் ஜராவா பழங்குடியினரின் காப்புக்காடு. வண்டிகள் கான்வாயாக, காவலரோடு மட்டுமே போகலாம். 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது, முந்தக் கூடாது, வழியில் நிறுத்தக் கூடாது, கேமராவை வெளியே எடுக்கக் கூடாது. நீண்ட வரிசையின் நடுவில் ஒருவர் ஓவர்டேக் செய்தால் அதைப் பார்ப்பவர் பெரும்பாலும் பின்னால் வரும் ஓட்டுநர் ஒருவர்தான். அவர் வாயால் சொல்வதை நம்பித் தண்டிக்கலாமா? நாட்டின் பிற இடங்களில் செல்போன் படத்தைக் காட்டி மறைத்துவிடும் இந்தக் கேள்வி, படமெடுக்கவே கூடாத இந்தச் சாலையில் அப்படியே நிற்கிறது.

பொதுமக்கள் புகாரின் பேரில் சலான் அனுப்பும் முறை இப்போது பல நகரங்களில் வேரூன்றிவிட்டது. பெங்களூரில் 2015இல் ‘பப்ளிக் ஐ’ வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி போக்குவரத்துக் காவல்துறை ‘டிராபிக் சென்டினல்’ செயலியைத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் அது ‘டிராபிக் பிரஹரி’ என்ற பெயரில் மறுபடி வந்தபோது, அதிகம் புகார் அனுப்புவோருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை பரிசு என்றார்கள்.

இதன் பலத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். எல்லா வளைவிலும் காவலரை நிறுத்த முடியாது. செல்வாக்குள்ளவரின் வண்டியை மறிக்கக் காவலர் தயங்கலாம், பின்னால் வருபவரின் படம் தயங்காது. இதற்கு இந்தத் தீவுகளிலேயே சான்று உண்டு. 2012 ஜனவரியில் பிரிட்டனின் ‘அப்சர்வர்’ இதழ், சுற்றுலாப் பயணிகளுக்காக ஜராவாப் பெண்கள் ஆடவைக்கப்படும் காணொளியை வெளியிட்டது. இந்தக் கான்வாய்ச் சாலையில் நடப்பது அதற்குப் பிறகுதான் நாடு முழுவதும் பேச்சானது. ஆனால் உடனே எழுந்த தகராறு, அது எப்போது எடுக்கப்பட்டது என்பது. பல ஆண்டுகளுக்கு முந்தைய படம் என்றது நிர்வாகம், இதழ் அதை மறுத்தது. உலகமே பார்த்த காணொளிக்கே தேதி நிரூபிக்க வேண்டியிருந்தது என்றால், அபர்தீன் பஜாரில் யாரோ எடுத்த பத்து விநாடிப் படத்துக்கு எவ்வளவு வேண்டும்?

சட்டம் எழுதியவர்கள் இதில் நம்மைவிட நிதானமாக இருந்திருக்கிறார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 183(3) பிரிவு, வேகமாகப் போனார் என்று ஒரே சாட்சி தன் அபிப்பிராயமாகச் சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அந்தக் கணிப்புக்கு ஏதாவது கருவியின் அளவு துணை நிற்கவேண்டும். 209ஆம் பிரிவு இன்னும் முக்கியம். அதிவேகம், ஆபத்தான ஓட்டம் ஆகிய குற்றங்களில், குற்றம் நடந்த நேரத்திலேயே எச்சரித்திருக்க வேண்டும், இல்லையென்றால் 14 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் 28 நாட்களுக்குள் சம்மன் சேர்ந்திருக்க வேண்டும். பெயர், முகவரி கண்டுபிடிக்க முடியாத நிலை போன்ற விலக்குகள் உண்டு. இதன் நியாயம் எளியது. மூன்று மாதம் கழித்து வரும் சலானைப் பார்த்து, அன்று மாலை ஜங்லிகாட் திருப்பத்தில் என்ன செய்தோம் என்று யாராலும் நினைவுபடுத்திச் சொல்ல முடியாது. நினைவில்லாதவரால் எதிர்வாதமும் செய்ய முடியாது.

மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதி அரசு வைக்கும் கேமராவுக்குக்கூடக் கடிவாளம் போடுகிறது. கருவிக்கு ஆண்டுதோறும் ஒப்புதல் சான்றிதழ், கேமரா இருப்பதைச் சொல்லும் எச்சரிக்கைப் பலகை, 15 நாட்களுக்குள் நோட்டீஸ். வழிப்போக்கரின் செல்போனுக்கு இவற்றில் எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டிலிருந்தும் பிறப்பது ஒரே மாதிரிச் சலான். இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான் என்று கருதுகிறேன். பரிசு வேறு சேர்ந்தால், சாலையைப் பற்றிய அக்கறையோடு எண்ணிக்கை ஆசையும் புகாருக்குள் நுழைந்துவிடும்.

இந்த முறை தீவுக்கு வந்தால் இன்னொரு சங்கடம். ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறினாலும் பலர் நாவில் இன்னும் போர்ட் பிளேராகவே இருக்கும் அந்தச் சிறிய தலைநகரில், நம்பர் பிளேட்டைப் பார்த்தே இன்னார் வண்டி என்று சொல்லிவிடுவார்கள். பார்க்கிங் சண்டை, சவாரிப் போட்டி, பங்காளிப் பகை எல்லாவற்றுக்கும் புகார் ஒரு வழியாகலாம். உண்மையாகவே புகார் செய்தவரும் மறைந்திருக்க முடியாது, மறுநாள் அதே ஜெட்டியில் அதே ஆளைப் பார்த்தாக வேண்டும். வாடகை ஸ்கூட்டர் வைத்திருப்பவர் பாடு வேறு. ஸ்வராஜ் தீவில் வண்டி எடுத்த பயணி விமானம் ஏறிவிட்ட பிறகு நோட்டீஸ் வருவது உரிமையாளருக்கு. ஓட்டியவர் யார் என்று 133ஆம் பிரிவின்படி அவர்தான் சொல்லவேண்டும். வாடகைக்குக் கொடுக்கும்போதே உரிம நகலும் நேரமும் குறித்து வைப்பதைத் தவிர அவருக்கு வேறு காப்பு இல்லை.

சலானை எதிர்க்கலாம் என்று சொல்வது எளிது. 177ஆம் பிரிவின் கீழ் முதல் தவறுக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான். வடக்கு அந்தமானின் டிக்லிபூரிலிருந்து தலைநகர் 300 கிலோமீட்டருக்கு மேல். கான்வாய் நேரம், நீரிணையில் படகு, ஒரு இரவுத் தங்கல், இழந்த கூலி எல்லாம் சேர்த்தால் தவறே செய்யாதவரும் பணத்தைக் கட்டிவிடுவார். கட்டியவர்கள் எல்லாம் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களாகக் கணக்கில் ஏறுவார்கள். அந்தக் கணக்கை வைத்துப் புகார்கள் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

நோட்டீஸ் வந்தவர் முதலில் கேட்க வேண்டியது முழுக் காணொளி. வெட்டிய துண்டில் அவர் ஏன் விலகினார், எதிரே மாடு வந்ததா, ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டாரா என்பது தெரியாது. அடுத்தது, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63(4) பிரிவு கேட்கும் மின்னணுச் சான்றிதழ். மூன்றாவது, புகார் கொடுத்தவரைச் சாட்சியாக அழைத்துக் குறுக்குக் கேள்வி கேட்கும் வாய்ப்பு. பெயரைச் சொல்ல விரும்பாதவரின் தகவலை வைத்துக் காவல்துறை அந்த இடத்தில் கண்காணிப்பை வைக்கட்டும், சலான் போடவேண்டாம். கான்வாய்ச் சாலைக்கும் இதையே சொல்வேன்: வாய்ப்புகார் வந்தால் மறுமுனைச் சாவடியிலேயே ஓட்டுநரை நிறுத்தி, உடன்வந்த காவலரையும் மற்ற வண்டிக்காரர்களையும் அப்போதே விசாரிக்கலாம். 209ஆம் பிரிவு கேட்கும் நோட்டீஸையும் அங்கேயே கொடுத்துவிடலாம்.

நீதிமன்ற நடவடிக்கைகளை மின்னணு முறையில் நடத்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 530ஆம் பிரிவு இடம் தந்திருக்கிறது. டிக்லிபூர்க்காரர் தன் ஊரில் இருந்தபடியே திரையில் தோன்றி, தன்மேல் புகார் சொன்னவரைக் கேள்வி கேட்க வழி செய்யாமல், படம் அனுப்பும் செயலியை மட்டும் தீவுக்குக் கொண்டுவரக் கூடாது.